கண்ணில் தண்ணீர் வந்த கல்

தாய்லாந்தின் சந்தபுரியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ரத்தினக் கல் சந்தை. அந்த மூன்று நாளும் அந்தத் தெருவில் யாருக்கும் முகம் கிடையாது. கல்லைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும், எதிரே நிற்கிற தரகர் மனசுக்குள் விலையை ஏற்றிவிடுவார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முகத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் மேசையில் வந்து உட்காருவார்கள். அப்படி இருபத்து நான்கு வருஷம் முகமில்லாமல் உட்கார்ந்தவள் ரம்பாய்.

ரம்பாய் கல் வியாபாரி அல்ல, வியாபாரிக்குக் கண். பாங்காக்கில் நகைக்கடை வைத்திருக்கும் ஹோக் என்பவர் மாதம் இரண்டு வாரக் கடைசிகளில் வந்து ஜன்னலோரம் மேசை பிடிப்பார். சீன வம்சம் என்பதால் ஊரே அவரை அண்ணன் என்ற பொருளில் ஹியா என்று கூப்பிடும். தரகர்கள் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து தட்டில் கொட்டுவார்கள். ரம்பாய் இடது கண்ணில் லென்ஸைப் பொருத்தி, கெம்பு சூளையில் சுட்டதா சுடாததா, விரிசலில் கண்ணாடி ஊற்றி மறைத்ததா என்று பார்த்து, மேசைக்கடியில் ஹியாவின் காலைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வேண்டாம். இரண்டு தட்டு என்றால் வாங்கு.

அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒராபின் நிற்பாள். கல்லை எடை போட்டு, ஹியா கேட்கும் விலையைப் பொட்டலத்தின் மேல் எழுதி, டேப் போட்டு ஒட்டி, தரகர் கையில் கொடுப்பது அவள் வேலை. தரகர் அதைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குச் சொந்தக்காரரிடம் ஓடுவார். சொந்தக்காரர் ஒத்துக்கொண்டாலும், கூடக் கேட்டாலும், அதைப் பொட்டலத்தின் மேலேயே எழுதி அனுப்புவார். டேப் பிரியாமல் திரும்பி வரவேண்டும். தெருவில் எதை மீறினாலும் மீறுவார்கள், அதை மட்டும் மீறமாட்டார்கள்.

மே மாத ஞாயிற்றுக்கிழமை, சந்தை கலைகிற நேரம். ஹியா ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து பழைய பொட்டலத் தாள்களை மேசையில் பரப்பினார்.

"ரம்பாய், உன் கண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. நீ நல்லதுன்னா நல்லதுதான். ஆனா இந்த ஒரு வருஷமா நீ அதிக நேரம் பாத்து எடுத்த கல்லு ஒண்ணையாவது நான் சல்லிசா வாங்கினேனா சொல்லு. சந்தேகமான கல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நல்ல கல்லுலதான் எனக்கு லாபமே. நீ அதைக் கண்டுபிடிச்சதும் சொந்தக்காரனுக்கும் எப்படியோ தெரிஞ்சு போகுது. இங்கேருந்து சேதி நடந்து போகலன்னா வேற எப்படி?"

"நான் பேசினேன்கறீங்களா ஹியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. என் மச்சினன் சொல்றான். அவனுக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் லேப்ல படிச்சவனாம், மிஷின் வச்சே பாப்பானாம். அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த சந்தைக்கு வரேன். அது முடியறதுக்குள்ள எனக்கு விளங்கணும். இல்லாட்டி அந்தப் பையனுக்குத்தான் நாற்காலி."

இருபத்து நான்கு வருஷத்தில் அவள் கண்ணைக் குறை சொன்னவர்கள் உண்டு, விலை பேசியவர்களும் உண்டு. வாயைச் சந்தேகப்பட்டவர் இவர்தான் முதல். ரம்பாய் எழுந்தபோது அவள் இடது கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகை இல்லை. அந்தக் கண் ஒரு வருஷமாகவே அப்படித்தான். காலையில் மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தும், மத்தியானம் எரியும், சாயங்காலத்தில் எழுத்து கலங்கி, சிமிட்டினால் தெளிந்து, மறுபடி கலங்கும். லென்ஸை வைத்து நாலு நிமிஷம் பார்த்தால் போதும், குழாய் திறந்தாற்போலக் கொட்டும்.

"ஹியா சொன்னதை மனசுல வச்சுக்காதீங்கக்கா, வயசான மனுஷன்" என்று ஒராபின் தோளைத் தொட்டாள். "கண்ணு செவந்து கிடக்கு பாருங்க. அண்ணாந்துக்குங்க."

நீலக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள். ஒரே நிமிஷத்தில் கண் பால்போல வெளுத்துவிடும். கண் டாக்டரிடம் போகக் கூடாது என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்திருந்தார்கள். கல் பார்க்கிறவள் கண் டாக்டர் வாசலில் உட்கார்ந்தாள் என்றால் மத்தியானச் சோற்றுக்கு முன் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மருந்துக் கடையில் கேட்டு இந்தச் சொட்டு மருந்தை வாங்கி வந்தவளும், தீர்ந்துபோகும் முன்பே அடுத்த குப்பியைப் பையில் வைப்பவளும் ஒராபின்தான். பதினாறு வருஷப் பழக்கம். ஒராபினுக்குப் பிரசவ வலி வந்தபோது ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனவள் ரம்பாய். ரம்பாய் புருஷன் ஓடிப்போன மாதத்தில், சமுவாங் இலை போட்ட பன்றிக்கறியைத் தினம் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, அவள் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தவள் ஒராபின்.

ஆனால் நாற்காலியே போகப்போகிறது என்றபின் யாருக்குப் பயப்பட? புதன்கிழமை ரம்பாய் ஒருவரிடமும் சொல்லாமல் ராயோங்குக்கு பஸ் ஏறினாள். அடுத்த மாவட்டம். அங்கே அவளை யாருக்கும் தெரியாது.

டாக்டர் சிரினுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் கொஞ்சம் நீளம். கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் சொருகி, கண்ணை மூடச் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பத்து மில்லிமீட்டருக்கு மேல நனையணும். உங்களுது நாலு. கண்ணு வறண்டு கிடக்குதும்மா."

"வறண்டா? கன்னத்துல ஆறா ஓடுதுங்கறேன், வறண்டு கிடக்குங்கறீங்களே. துண்டு மாறிப்போச்சா பாருங்க."

டாக்டர் சிரித்தாள். "எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. கண்ணீர்னா வெறும் தண்ணி இல்ல. மேல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கணும், அதுதான் தண்ணிய ஆவியாகாம மூடி வைக்கும். உங்க இமை ஓரத்துல எண்ணெய் வர்ற துளை பாதி அடைச்சிருக்கு. தண்ணியும் கம்மி. ஐம்பது தாண்டின பொம்பளைங்களுக்கு இது சகஜம். அதுக்கு மேல நீங்க எதையோ சிமிட்டாம முறைச்சுப் பாக்கற வேலை செய்யறீங்க. தையலா?"

"தையல்தான்" என்றாள் ரம்பாய். பொய் சொல்வதில் அவளுக்குக் கூச்சம் இல்லை.

"கண்ணு காஞ்சதும் எரிச்சல் தாங்காம கத்துது. உள்ள இருக்கற சுரப்பி பதறிப்போய் மொத்தமா ஊத்திடுது. அந்தத் தண்ணி நிக்காது, வழிஞ்சு போயிடும். கண்ணு பழையபடி காஞ்சுதான் கிடக்கும்."

"அப்ப அது சரக்கு இல்ல. கலப்படம்."

"நல்லா சொன்னீங்க. இப்ப என்ன மருந்து விடறீங்க?"

ரம்பாய் நீலக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இதை எத்தனை நாளா விடறீங்க?"

"பதினோரு மாசம். ஒரு நாளைக்கு ஆறு தடவை."

"இது செவப்பை மறைக்கிற மருந்தும்மா. ரத்தக் குழாயைச் சுருக்கி வெள்ளையா காட்டும். ரெண்டு மூணு நாளைக்கு மேல விடக்கூடாது. விட விட, நிறுத்தினதும் முன்னைவிட செவக்கும். இது கெடாம இருக்கச் சேக்கற மருந்தே கண்ணோட மேல்தோலை அரிக்கும். இப்ப உங்க கண்ணு வறண்டதுல பாதி இதோட வேலை. கடையில சொல்லலையா?"

"நான் வாங்கல. என் தங்கச்சி மாதிரி ஒருத்தி."

"அவங்ககிட்டயாவது சொல்லியிருப்பாங்களே" என்றபடி டாக்டர் குப்பியைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"குணமாகுமா?"

"ஒரேயடியா போயிடும்னு எழுதித் தரமாட்டேன். கூடவே இருக்கும். நீங்கதான் அதைச் சமாளிச்சுக்கிட்டுப் போகணும்."

பேரம் மாதிரி, என்று ரம்பாய் நினைத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதெல்லாம் காசுக்குப் பெரிதில்லை, பொறுமைக்குப் பெரிது. காலையும் மாலையும் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான துணியை மூடிய கண்மேல் வைக்க வேண்டும், ஆறினால் மாற்ற வேண்டும். பிறகு இமையை மெல்ல நீவி, ஓரத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். கெடாமல் இருக்க மருந்து சேர்க்காத, ஒரு தடவைக்கு ஒன்றாக ஒடித்து விடுகிற சின்னக் குப்பிகளை வேளை தவறாமல் விட வேண்டும், எரிகிறவரை காத்திருக்கக் கூடாது. மின்விசிறி முகத்தில் அடிக்கக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தூரத்தைப் பார்க்க வேண்டும். முக்கியமாக, சிமிட்ட வேண்டும். அதுவும் அரைகுறையாக இல்லை, மேல் இமை கீழ் இமையைத் தொடும்படி. ஆறு வாரம் கழித்துத் திரும்பி வர வேண்டும்.

ஹியா வரும் அடுத்த சந்தைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் ஒரு வேளை தவறாமல் செய்தாள். மருந்தை நிறுத்திய முதல் நாலு நாள் கண் கோவைப்பழமாக இருந்தது. ஒராபின் வீட்டுக்கு வந்து நீலக் குப்பியை நீட்டியபோது, "அப்புறம் விட்டுக்கறேன், வை" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மேசையில் உட்கார்ந்ததும் விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். லென்ஸை வைத்தாள், எடுத்தாள், முழுசாகச் சிமிட்டினாள், மறுபடி வைத்தாள். உறுத்தல் முழுக்கப் போகவில்லை. ஆனால் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை.

பத்து மணிக்குத் தரகர் துய் ஒரு கெம்பைக் கொண்டுவந்தான். பீப்பாய் போன்ற உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கல் பார்வைக்கு மங்கல், ஓரத்தில் அழுக்கு. ரம்பாய் விட்டு விட்டு எட்டு நிமிஷம் பார்த்தாள். உள்ளே பட்டு நூல்போல ஊசிகள், ஒன்றுகூட உடையாமல், கரையாமல். சூளையின் பக்கமே போகாத கல். மேசைக்கடியில் இரண்டு தட்டு. ஹியா கூசாமல் கால் விலை கேட்டார். ஒராபின் எழுதி, ஒட்டி, நீட்டினாள்.

துய் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னா, ஒத்தை டேப்புதானா?"

"ஏன், உன் வயித்தைச் சுத்தவும் ஒட்டணுமா? போ" என்றாள் ஒராபின், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

துய் ரம்பாயின் முகத்தை உற்றுப் பார்த்தான். "கண்ணு காஞ்சு கிடக்கு. அப்ப அக்காவுக்குப் பிடிக்கல" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு போனான்.

அரை மணியில் திரும்பி வந்தான். கால் விலைக்கே சொந்தக்காரர் ஒத்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் அதேபோல இன்னும் இரண்டு கல். ஹியா இரண்டு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

ரம்பாய்க்கு லாபம் கண்ணில் படவில்லை. ஒத்தை டேப்பு, ஒத்தை டேப்பு என்று துய்யின் குரல் காதிலேயே நின்றது. ஒராபின் கை கழுவப் போன நேரம் பார்த்து, பிஸ்கட் டப்பாவைக் கேட்டு வாங்கித் தாள்களைப் புரட்டினாள். ஒவ்வொரு தாளையும் பார்த்தால் அந்தக் கல் அவளுக்கு ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருப்பதுபோல அவளுக்குக் கல். இது உடனே வேண்டாம் என்றது, ஒரு டேப். இது பார்த்ததும் பிடித்தது, ஒரு டேப். இது நெடுநேரம் பார்த்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு சரி என்றது, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு டேப். அடுத்ததும் கண் வழிந்த கல், இரண்டு டேப். அதற்கடுத்ததும்.

தெரு அவளை வைத்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. சுவர்மாதிரி இருக்கிற ரம்பாய்க்கே கண் கலங்குகிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட கல்லாக இருக்கும்! கண்ணில் தண்ணீர் வந்தால் விலையை விடாதே. கூட்டத்தில் எட்டிப் பார்க்க முடியாத சொந்தக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளத்தான் இரண்டாவது டேப். முகத்தை இருபத்து நான்கு வருஷம் கட்டிக் காத்தாள். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள் என்பதை மறந்துவிட்டாள்.

ஆனாலும் மனசு பேரம் பேசியது. டேப் சரியாக ஒட்டாமல் இரண்டாவது போட்டிருப்பாளோ? சின்ன வியாபாரமில்லை இது, பதினாறு வருஷம். இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று இரவெல்லாம் தனக்கே சமாதானம் சொன்னாள்.

சனிக்கிழமை காலையிலேயே ஹியாவிடம், "இன்னிக்கு ஒரு கல்லுக்கு நான் காலைத் தட்டமாட்டேன். நீங்க வாய்க்கு வந்த அடிமாட்டு விலையைக் கேளுங்க. அப்புறம் பொட்டலத்தைப் பாருங்க" என்றாள்.

"என்ன விளையாட்டு?"

"நாற்காலி விளையாட்டுதான்."

பதினொரு மணிக்கு வேறொரு தரகர் ஒரு சிவப்புக் கல்லை வைத்தார். விரிசல் முழுக்கக் கண்ணாடி, உள்ளே காற்றுக் குமிழிகூடத் தெரிந்தது. வெறும் கண்ணாலேயே ஒதுக்கியிருப்பாள். அவள் விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். லென்ஸை வைத்தாள். சிமிட்டவில்லை. முதல் நிமிஷம் உறுத்தியது. இரண்டாவது நிமிஷம் மிளகாய்த் தூள் தூவினாற்போல எரிந்தது. மூன்றாவது முடிவதற்குள் தண்ணீர் வழிந்து, தாடையில் நின்று, வெள்ளைத் தட்டில் சொட்டியது. சுற்றி நின்ற தரகர்களின் சத்தம் ஒரு நொடி அடங்கியது. ஹியா அடிமாட்டு விலை சொன்னார்.

ரம்பாய் கைக்குட்டையைக் கண்ணில் பொத்திக்கொண்டு, ஓரத்தால் பின்னால் பார்த்தாள். ஒராபின் எழுதினாள். டேப்பை நெடுக்காக ஒட்டினாள். கத்தரித்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், தினமும் செய்கிற வேலையைச் செய்கிற கையோடு, குறுக்காக இன்னொன்று.

பொட்டலம் இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தது. ஹியா கேட்டதைப்போல முப்பது மடங்கு எழுதியிருந்தது. ஹியா அந்தக் கண்ணாடித் துண்டையும், குறுக்கு டேப்பையும், பிஸ்கட் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரி, இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. "நாற்காலி உன்னோடதுதான்" என்று ரம்பாயிடம் சொன்னார். ஒராபினைப் பார்க்காமலே, "கத்தரிக்கோலை வச்சிட்டுப் போம்மா" என்றார்.

ரம்பாய் பின்னாலேயே போனாள். ஆற்றுப் பக்கம் திரும்புகிற சந்தில், நண்டு நூடுல்ஸ் கடையின் பாத்திரம் கழுவுமிடத்தில் ஒராபின் நின்றாள்.

"எவ்வளவு காலமா?"

"போன மழைக்கு முன்னாடிலேருந்து."

"என் கண்ணு எரியறதைப் பாத்துக்கிட்டேவா?"

"ஏங்க்கா, அந்தத் தண்ணியால உங்களுக்கு என்ன நஷ்டம்? ஹியாவுக்குத்தானே? அவரு தங்கத்தட்டுல சாப்பிடறவரு." ஒராபினின் குரல் உயர்ந்தது. "பதினாறு வருஷமா நிக்கறேன். ஒரு நாளாவது இந்தப் பொண்ணுக்கும் ஒரு முக்காலி போடுங்கன்னு கேட்டீங்களா? கால்ல நரம்பு முடிச்சுப் போட்டுக் கிடக்கு. உங்க கண்ணு போயிட்டா ஹியா உங்களுக்குக் கை நிறையக் குடுத்து அனுப்புவாரு. எனக்கு? கல்லுக்காரங்க டேப்புக்கு இவ்வளவுன்னு குடுத்தாங்க, வாங்கினேன்."

முக்காலி விஷயம் உண்மை. ரம்பாய்க்கு அது ஒருநாளும் தோன்றவில்லை. இதை இவள் நேராகக் கேட்டிருந்தால் தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்திருப்பாள். அதைச் சொல்லவந்து, வேறொன்றைக் கேட்டாள்.

"அந்த நீல மருந்து. மூணு நாளைக்கு மேல விடக்கூடாதுன்னு உனக்குத் தெரியுமா?"

ஒராபின் பாத்திரக் குவியலைப் பார்த்தாள்.

"சொல்லு ஒராபின். டேப்பை விடு. ஹியாவை விடு. அது தெரிஞ்சேவா எனக்கு விட்டே?"

"முதல்ல தெரியாதுக்கா."

ரம்பாய் காத்திருந்தாள். தெரியவே தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட ரம்பாய் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பேரமே பேசியிருக்கமாட்டாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது மாசம். கடைக்காரம்மா, இவ்வளவு எதுக்கு வாங்கறே, கண்ணு கெட்டுடும்னு சொன்னா. அப்புறம் கடையை மாத்திட்டேன்."

கடைக்காரர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்ற வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஊற்றாமலே திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ரம்பாய் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். டேப் ஒட்ட ஹியா தன் மச்சினனையே நிறுத்தியிருந்தார். இல்லை, உட்காரவைத்திருந்தார், ரம்பாய் முக்காலி கேட்டு வாங்கியிருந்தாள். கண் மோசமாகத்தான் இருந்தது. முந்தின நாள் சிமிட்டாமல் முறைத்ததன் பலன், ஒன்பது நாள் சம்பாதித்ததில் பாதியைத் தின்றுவிட்டது. பதினொரு மணிக்கே எழுத்து கலங்கியது. பிளாஸ்க்கில் கொண்டுவந்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். அப்போதுதான் தட்டைப் பார்த்தாள். ஏழு பொட்டலம் பிரிந்து கிடந்தன, முப்பது நாற்பது கல். சுற்றிலும் தரகர்கள். மச்சினன் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

துணியை மடியில் வைத்தாள். ஒவ்வொரு கல்லாக இடுக்கியால் எடுத்து, அதனதன் தாளில் மடித்து, அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். ஏழு பொட்டலத்துக்கும் நேரம் பிடித்தது. துணி ஆறிவிட்டது. மறுபடி நனைத்தாள்.

"என்னக்கா, சந்தை முடிஞ்சு போச்சா?" என்றான் துய்.

"கண்ணை மூடிக்கப் போறேன். பத்து நிமிஷம்."

"மூடிக்குங்க. அதுக்கு ஏன் கல்லைக் குடுக்கறீங்க? நாங்க என்ன திருடங்களா? இத்தனை வருஷப் பழக்கம்."

"ஆமாப்பா" என்றாள் ரம்பாய். "அதான்."

காலித் தட்டின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, துணியைக் கண்மேல் போட்டாள். தரகர்கள் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்கிற சத்தம் கேட்டது.